புல்லியன் ரோஜாவுக்கு எந்த ஊசி?

வேலூர் லாங்கு பஜாரில் தையல் சாமான் விற்கும் கடையில் போய் நின்று எம்பிராய்டரி ஊசி வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் நான்கைந்து பாக்கெட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, "எந்த நம்பர்மா?" என்றுதான் கேட்பார். வாங்க வருபவர்களில் பலர் அந்தக் கேள்விக்கே திணறி, மூன்றிலிருந்து ஒன்பது வரை கலந்து அடைத்த பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நம்பருக்கு முன்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது. எந்தத் தையலைப் போடப்போகிறோம், அந்தத் தையலுக்கு ஊசியின் காது எப்படி இருக்க வேண்டும் என்பதே அது. காது சரியாக அமையாத ஊசியில், நம்பர் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் வேலை கைகூடாது.

நான் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே கைத்தையல் கற்றுக்கொடுத்து வருகிறேன். கைத்தையலில் எனக்கு மிகவும் பிடித்தது புல்லியன் முடிச்சுகளால் செய்யும் ரோஜாப்பூ. பச்சைக்குழந்தைக்குத் தைக்கும் மல் துணிச் சட்டையின் கழுத்தோரத்திலும், ஆரணிப் பட்டுச் சேலையின் ரவிக்கைக் கையிலும் அதைப் போடுவதுதான் என் வழக்கமான வேலை. ஆகவே இந்த ஒப்பீட்டை அந்த ஒரு பூவையும் அந்த இரண்டு துணிகளையும் முன்வைத்தே செய்கிறேன். எல்லாத் தையலுக்கும் பொதுவாகச் சொல்லப்போனால் எதையும் திட்டமாகச் சொல்ல முடியாமல் போய்விடும்.

முதலில் அந்த முடிச்சில் ஊசிக்கு என்ன வேலை என்பதைப் பார்க்க வேண்டும். நூலைத் துணியின் மேலே கொண்டுவந்து, இதழ் எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி ஊசியைக் குத்தி, நூல் வெளிவந்த இடத்திலேயே அதன் முனையை மீண்டும் வெளியே எடுத்து, ஊசியை முழுதும் இழுக்காமல் பாதியில் நிறுத்துகிறோம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனைப் பகுதியின் மேல் நூலைப் பத்து அல்லது பன்னிரண்டு சுற்றுச் சுற்றுகிறோம். பிறகு அந்தச் சுற்றுகளைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லப் பிடித்துக்கொண்டு, ஊசியை அவற்றினூடாக இழுத்து வெளியே எடுக்கிறோம். அதாவது ஊசியின் உடம்பைச் சுற்றி இறுகியிருக்கும் ஒரு சுருளுக்குள், அதன் காது, நூலையும் தாங்கிக்கொண்டு, புகுந்து வெளிவர வேண்டும். உடம்பைவிடக் காது அகலமாக இருந்தால் அது அங்கே சிக்கும். மற்றத் தையல்களில் காதின் அகலம் ஒரு வசதி. இங்கே அதுவே தடை.

எம்பிராய்டரி ஊசி என்று கடைகளில் கேட்டால் கிடைப்பது குரூவல் வகை ஊசி. அதன் முனை கூர்மையானது, காது நீளமானது. நீளமான அந்தக் காதில் இரண்டு இழை, மூன்று இழை எதையும் எளிதாகக் கோக்கலாம். அந்தக் காது துணியில் சற்றே அகலமான வழியைத் திறந்துவிடுவதால், பின்னால் வரும் நூல் உராயாமல் செல்கிறது. சாட்டின் தையல், காம்புத் தையல், நீளமும் குட்டையுமாக நிரப்பும் தையல் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல ஊசியை நான் கண்டதில்லை. ஆனால் புல்லியனுக்கு வந்தால் இதே காது வில்லங்கம் செய்கிறது. ஐந்தாறு சுற்றுகள் வரை சமாளித்துவிடலாம். பன்னிரண்டு சுற்றுகள் போட்ட பின்பு இழுத்தால், காது சுருளின் வாயிலேயே நின்றுவிடும். பலமாக இழுத்தால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இதழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முண்டு உட்கார்ந்திருக்கும்.

என்னிடம் கற்க வந்த பெண் ஒருத்தி மூன்று நாட்களாக ஒரே ரோஜாவைப் போடுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். "அக்கா, சுத்து எல்லாம் சரியாத்தான் போடறேன், ஊசி வெளிய வரவே மாட்டேங்குது" என்று கண் கலங்கச் சொன்னாள். அவள் விரல் நுனியில் ஊசியின் பின்புறம் அழுந்திய பள்ளம் சிவந்திருந்தது. அவள் கையில் இருந்தது ஏழாம் நம்பர் எம்பிராய்டரி ஊசி. நூல் இரண்டு இழை, நம்பர் சரி, சுற்றிய விதமும் சரி. ஊசியை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பதினைந்து சுற்றுகளோடு அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கையில் பழக்கம் இல்லை என்று தன்னையே நொந்துகொண்டிருந்தவளுக்கு, பிழை கையில் இல்லை என்று தெரிந்தபோது முகத்தில் வந்த தெளிவை நான் மறக்கவில்லை. ஊசியைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் மாற்றிக் கொடுத்தது மில்லினர் ஊசி. தொப்பி தைப்பவர்கள் பயன்படுத்தியதால் அந்தப் பெயர். வைக்கோல் தொப்பியை வைத்து இதை ஸ்ட்ரா ஊசி என்றும் சொல்வார்கள். இதன் காது சிறியது, உருண்டையானது, உடம்பின் பருமனுக்கு ஏறத்தாழச் சமமானது. முனையிலிருந்து காதுவரை எங்கும் புடைப்பு இல்லாமல் ஒரே சீராக ஓடுவதால், சுருள் எத்தனை சுற்று இருந்தாலும் ஊசி அதற்குள் தடையின்றி நழுவுகிறது. நீளமும் வழக்கமான கை ஊசிகளைவிட அதிகம். ஏறத்தாழ ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை இருக்கும். ரோஜாவின் வெளி இதழ்களுக்கு வேண்டிய பதினைந்து, பதினெட்டுச் சுற்றுகளை வரிசையாக அடுக்குவதற்கு அந்த நீளம் தேவைப்படுகிறது. புல்லியனுக்கு என்று பார்த்தால் மற்ற எந்த ஊசியும் இதற்கு ஈடாகாது என்பதே என் தீர்ப்பு.

ஆனாலும் இதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் உடன்படுவதில்லை. காது குறுகலாக இருப்பதால் நூலுக்கான வழியை அது துணியில் விரித்துக் கொடுப்பதில்லை; ஒவ்வொரு முறையும் நூல் துணியோடு உராய்ந்தே வருகிறது. இலைகளைச் சாட்டின் தையலில் நிரப்பும்போது இருபது முப்பது முறை உள்ளே போய் வெளியே வருவதற்குள் நூலின் மினுமினுப்பு மங்கி, பஞ்சு பிரிந்துவிடுகிறது. நீளமாகவும் மெலிவாகவும் இருப்பதால் நெருக்கமான துணியில் அழுத்திக் குத்தினால் வளையும். கோப்பதும் கடினம், அதிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. கோக்க முடியாமல் தவிப்பவர்கள் ஊசியைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முயன்று பார்க்கலாம். காதை அச்சில் குத்தித் துளைப்பதால் பல ஊசிகளில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட வழுவழுப்பாக இருக்கும். ஆகவே நான் பூவுக்கு ஒரு மில்லினர் ஊசி, காம்புக்கும் இலைக்கும் ஓர் எம்பிராய்டரி ஊசி என இரண்டில் நூல் கோத்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

மில்லினர் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் சாதாரணத் தையல் ஊசியை, அதாவது பட்டன் தைக்கவும் ஓரம் மடித்துத் தைக்கவும் வீட்டில் வைத்திருக்கும் ஊசியை, எடுத்துக்கொள்ளலாம். அதன் காதும் சிறியது, உருண்டையானது. நீளம் போதாததால் எட்டு, பத்துச் சுற்றுகளுக்கு மேல் வசதிப்படாது. ஒன்று அல்லது இரண்டு இழைக்கு மேல் காதும் இடம் கொடுக்காது. சிறிய மொட்டுகளுக்கு அது போதும். எம்பிராய்டரி ஊசியை வைத்துப் புல்லியன் போட்டுத் துன்பப்படுவதைவிட இது மேல்.

செனில் ஊசிக்கு வேறு வேலை. பிரெஞ்சு மொழியில் செனில் என்றால் கம்பளிப்புழு. புழுவைப் போல் மயிர்த்த நூலைக் கோப்பதற்கு உண்டானதால் காது மிகப் பெரியது, முனை கூர்மையானது. ரிப்பன் வேலைக்கும் கம்பளி நூலுக்கும் ஏற்றது. மெல்லிய துணியில் இதைக் குத்தினால் பூவைவிட ஓட்டைதான் முன்னால் தெரியும். இதே காதும் உடம்பும் கொண்டு முனை மட்டும் மழுங்கியிருப்பது டேப்பஸ்ட்ரி ஊசி. மேட்டி துணியில் கட்டம் எண்ணிச் சிலுவைத் தையல் போடுபவர்களுக்கு அது இன்றியமையாதது, ஏனென்றால் மழுங்கிய முனை இழையைக் குத்திப் பிளக்காமல் இழைகளுக்கு இடையே உள்ள துளையைத் தேடிப் போகிறது. நம் ரோஜாவுக்கு அதனால் பயனில்லை.

இனி நம்பருக்கு வரலாம். கை ஊசிகளில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். தையல் இயந்திர ஊசியில் இதற்கு நேர்மாறு. பதினான்கைவிடப் பதினாறு பருமன். இயந்திரத்தில் பழகிய கை இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. ஒரே வகைக்குள்தான் நம்பரை ஒப்பிட வேண்டும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும், ஏனென்றால் செனிலும் டேப்பஸ்ட்ரியும் பதின்மூன்று தொடங்கி இருபதுகள் வரை எண்ணப்படுபவை. அங்கே இருபத்துநான்கு என்பது எம்பிராய்டரி ஊசியின் ஒன்பதைவிட மெலிவானது என்று பொருளாகாது. நம் கடைகளில் கிடைக்கும் ஆங்கர் பருத்தி நூல் ஆறு இழைகள் சேர்ந்தது. அதைப் பிரித்து எத்தனை இழை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து நம்பர் அமையும். எம்பிராய்டரி ஊசியில் ஓர் இழைக்கு ஒன்பது அல்லது பத்து, இரண்டு இழைக்கு ஏழு அல்லது எட்டு, மூன்று இழைக்கு ஐந்து அல்லது ஆறு, ஆறு இழைக்கும் மூன்று என்பது என் கைக்குப் பழகிய அளவு. மில்லினரில் இரண்டு இழைக்கு ஏழும், மூன்று இழைக்கு ஐந்தும் எடுக்கிறேன். புல்லியனில் ஊசியின் பருமனே சுருளின் உள்வெளியாக அமைவதால், இதழ் சற்றுத் தளர்வாகவும் உருட்சியாகவும் வேண்டுமென்றால் ஒரு நம்பர் பருமனாகவும், இறுக்கமாகக் கயிறு போல வேண்டுமென்றால் ஒரு நம்பர் மெலிவாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த அளவுகளை மனப்பாடம் செய்வதைவிட நம் காதும் கையும் சொல்வதைக் கேட்பது நல்லது. ஊசியை இழுக்கும்போது துணியில் 'டொப்' என்று ஒரு சிறு ஓசை எழுந்து இழுப்பு இறுகினால், அந்த நூலுக்கு அந்த ஊசி மெலிவு. தையல் விழுந்த பிறகு அதன் இரு முனையிலும் துளை திறந்தபடி கண்ணுக்குத் தெரிந்தால், அந்த ஊசி பருமன். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்பது மற்றத் தையல்களுக்கு நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு. புல்லியன் நூலை நிறையத் தின்னும் என்பதால் அதற்கு மட்டும் ஒன்றரை முழம் வெட்டுகிறேன்.

துணியைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். மல் துணி தளர்ந்த நெசவு. சற்றுப் பெரிய துளை விழுந்தாலும் ஈரக் கையால் தேய்த்து நீவிவிட்டால் இழைகள் திரும்ப வந்து அடைத்துக்கொள்ளும். முதல்முறை துவைக்கும்போதே தடம் மறைந்துவிடும். அதனால் கற்றுக்கொள்பவர்கள் மல் துணியில் தொடங்குவது நல்லது. பட்டு அப்படி மன்னிக்காது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஆரணி, 1989இல் மாவட்டம் பிரிந்தபோது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது என்றாலும், எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளுக்குப் பட்டு இன்றும் அங்கிருந்துதான் அதிகம் வருகிறது. அந்தப் பட்டின் நெருக்கமான நெசவில் ஊசி ஒரு முறை இழைகளை விலக்கிவிட்டால் அவை பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. தவறாகப் போட்ட தையலைப் பிரித்தெடுத்தாலும் துளைகள் வரிசையாக நின்று காட்டிக்கொடுக்கும். அதிலும் சேலையோடு சேர்த்து நெய்த ரவிக்கைத் துண்டு என்றால் மாற்றுத் துணி கிடையாது.

ஆகவே பட்டில் நான் ஒருபோதும் மூன்று இழை ரோஜா போடுவதில்லை. இரண்டு இழை, மில்லினர் எட்டு அல்லது ஒன்பது. இதழ்கள் சற்றே சிறுத்தாலும் துணி பிழைக்கும். ரேயான் நூலில் போட விரும்புபவர்கள் சுற்றும் திசையைக் கவனிக்க வேண்டும். ஒரு திசையில் சுற்றும்போது நூலின் முறுக்கு அவிழ்ந்து இழைகள் பிரிவதைக் கண்டால், மறுதிசையில் சுற்றினால் சரியாகிவிடும். எந்த ஊசியாக இருந்தாலும், தையலுக்குள் மறைந்துபோகும் விளிம்பில் ஒரே ஓர் இதழைப் போட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கைப்பகுதிக்குப் போக வேண்டும். இந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் நான் ஒரு ரவிக்கையைக் கெடுத்திருக்கிறேன். அரக்குச் சிவப்புப் பட்டு. செனில் ஊசியால் ஆறு இழை. பிரித்த இடத்தில் கொசு கடித்தது போல் ஒன்பது புள்ளிகள். அதை மறைக்கக் கடைசியில் மணிகள் கோத்துத் தைக்க வேண்டியதாயிற்று. சேலைக்குரியவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டது ரோஜா.

ரவிக்கை என்றதும் ஆரி ஊசியை விட்டுவிட்டுப் பேச முடியாது. காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஆரி ஒர்க் வகுப்புப் பலகை ஒன்றாவது தொங்குகிறது. என்னிடம் வருபவர்களும் முதலில் கேட்பது, கை ஊசி கற்பதா, ஆரி கற்பதா என்பதைத்தான். ஆரி ஊசி கைப்பிடியில் செருகிய கொக்கி ஊசி. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சிகள் கையாண்டு புகழ்பெற்ற கருவி அது. துணியை நாற்புறமும் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, நூலைத் துணிக்கு அடியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கொக்கியை இறக்கி நூலை வளையமாக மேலே இழுத்துச் சங்கிலித் தையலாக ஓட்டுகிறார்கள். நூல் கண்டிலிருந்து அறுபடாமல் வருவதால் ஓர் ஒன்றரை முழத்துக்கு ஒரு முறை நின்று கோக்க வேண்டிய வேலையே இல்லை. மணியையும் சம்கியையும் ஊசியிலேயே ஏற்றி அடுத்தடுத்துத் தைத்துக்கொண்டு போகலாம். பழகிய கை ஒரு நாளில் ஓட்டும் வேலையைக் கை ஊசியால் செய்ய எனக்குப் பல நாட்கள் ஆகும். கல்யாண ரவிக்கையின் முழுக் கையையும் நிரப்ப வேண்டும், அதையே தொழிலாகவும் கொள்ள வேண்டும் என்றால் ஆரிதான் சரியான தேர்வு. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் புல்லியன் ரோஜாவைப் போன்று துணிக்கு மேல் எழுந்து நின்று, விரலால் தடவினால் இதழ் இதழாகத் தெரியும் பூ கை ஊசிக்கே உரியது. தூக்கிக்கொண்டு போய்ப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட அதைப் போடலாம், சட்டம் வேண்டாம். ஆரியின் சங்கிலி, முடியும் இடத்தில் நன்றாகப் பூட்டப்படாவிட்டால், ஒரு முனையை இழுத்தவுடன் வரிசை முழுதும் பிரிந்துவிடும். நாள்தோறும் துவைக்கும் குழந்தைச் சட்டைக்கு அதை நான் போடுவதில்லை. புல்லியனில் ஓர் இதழ் அறுந்தாலும் அடுத்த இதழ் நிற்கும். பட்டில் ஆரி ஓட்டுபவர்கள் கொக்கியின் வாய் நூலின் பருமனுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தே ஊசி எடுக்க வேண்டும். வாய் பெரிதாக இருந்தால் திரும்பி வரும்போது துணியின் இழையையும் சேர்த்துக் கொத்திக்கொண்டு வரும். கை ஊசிக்குக் காது எப்படியோ, ஆரிக்குக் கொக்கியின் வாய் அப்படி.

எங்கள் பக்கத்தில் வேறொரு ஊசியும் வீடுகளில் புழங்குகிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் காலணியின் மேற்பகுதியை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர் உண்டு. அந்த வேலை தெரிந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், கூர்மையாக இருக்கிறதே என்று அன்போடு எனக்குத் தோல் ஊசிகள் சிலவற்றைக் கொடுத்தார். விரல்களுக்கு இடையே உருட்டிப் பார்த்தபோதே அது வழுக்காமல் தட்டித் தட்டி நின்றது; முனை உருண்டையாக இல்லாமல் மூன்று விளிம்புகளோடு இருந்தது. தோலை வெட்டிக்கொண்டு போவதற்காகவே அப்படித் தீட்டப்பட்டது. அதை மல் துணியில் ஒரு முறை குத்தி, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இழைகள் விலகவில்லை, அறுந்திருந்தன. துணி வேலைக்கு அதை வைத்துக்கொள்ளவே கூடாது. எம்பிராய்டரிப் பெட்டியில் அது கலந்துவிடாமல் தனியே வைத்திருக்கிறேன்.

பிராண்டைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம் என்பது என் எண்ணம். 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே ஊசி அனுப்பிய இங்கிலாந்தின் ரெட்டிட்ச் பெயரைச் சொல்லும் ஊசிகளும், ஜப்பானின் ஹிரோஷிமாவில் செய்யப்படும் ட்யூலிப் ஊசிகளும் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றின் காது உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் நூல் தேய்வது குறைவு. விலை நம் கடையில் தொங்கும் போனி பாக்கெட்டைவிடப் பல மடங்கு. கற்கும் காலத்தில் அந்தச் செலவு தேவையில்லை. விலையைவிட நம் ஊர் வெயிலுக்குத்தான் அதிகம் கவனம் கொடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வேலூரில் விசிறிக்கடியில் உட்கார்ந்தாலும் விரல் வியர்க்கும். வியர்வை படப்பட ஊசியின் மேல் பூச்சு தேய்ந்து, உடம்பில் கருப்புப் புள்ளிகள் விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்பு புல்லியன் சுருளின் உள்ளே ஒவ்வொரு சுற்றையும் பற்றி இழுக்கும். நல்ல மில்லினர் ஊசியே திடீரென்று சிக்கத் தொடங்கினால், காரணம் இதுதான். புள்ளி விழுந்த ஊசியைத் தயங்காமல் கழித்துவிட வேண்டும். உட்காரும் முன் கை கழுவித் துடைத்துக்கொள்வதும், ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்து போகாமல் இருப்பதும் பூவையும் காக்கும். வெள்ளைக் குழந்தைச் சட்டையில் ஓரிரவு நின்ற ஊசி, இதழின் நடுவே கடுகளவு துருக்கறை வைத்துவிட்டது. எவ்வளவு துவைத்தும் அது போகவில்லை.

புதிதாகத் தொடங்குபவர், எம்பிராய்டரி ஊசியில் மூன்றிலிருந்து ஒன்பது வரை கலந்த பாக்கெட் ஒன்றும், மில்லினரில் அதேபோல் கலந்தது ஒன்றும் வாங்கினால் போதும். ஒரு மாதம் போட்டுப் பார்த்த பின், எந்த நம்பர் முதலில் தேய்கிறதோ அதைத் தனிப் பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளலாம். பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டால் எது ஆறு, எது ஏழு என்று கண்ணால் சொல்வது கடினம். அதனால் பழைய கம்பளித் துண்டு ஒன்றில் நம்பர்களை நூலால் தைத்து, அந்தந்த எண்ணுக்குக் கீழே ஊசிகளைக் குத்தி வைத்திருக்கிறேன். மேல் வரிசை மில்லினர், கீழ் வரிசை எம்பிராய்டரி. மேல் வரிசையில் ஏழு என்று தைத்த இடம் இப்போது மறுபடியும் காலியாக இருக்கிறது.